டேங்க்குக்குள்ள மைனஸ் 33 டிகிரி

ரெண்டு கிழமையா மண்டையக் குடைஞ்ச சாமான் நேத்து இரவு ஒருமாதிரி சரிவந்திட்டு. சூடு ஆற முதல் எழுதி வைக்கிறன், இல்லாட்டி அடுத்த மாசம் நானே மறந்துபோய்த் திரும்ப அதே குழியில விழுவன்.

திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டு மொட்டமாடியில இருக்கிற கறுப்புத் தண்ணி டேங்க்குக்குள்ள சூடு அளக்கிற டிஎஸ்18பி20 சென்சர் ஒண்டு இறக்கியிருக்கன், கீழ குசினிச் சுவர்ல ஆர்டுயினோ ஊனோ எண்ட குட்டிக் கொம்பியூட்டர் போர்டும் ரெண்டு வரி எல்சிடியும். நிமிசத்துக்கு ஒரு ரீடிங், காட்டுறது கடைசி 60 ரீடிங்கின்ட சராசரி. ரீடிங்க அடுக்கி வைக்க ரிங் பஃபர் (நிறைஞ்சா பழசுக்கு மேல புதுச எழுதுற வரிசை) ஒண்ட சி++ல கிளாஸ் டெம்ப்ளேட்டா, அதாவது எந்த டைப்புக்கும் பொருந்துற அச்சா எழுதினன், டி எண்டா உள்ள வைக்கிற டேட்டாவின்ட டைப், என் எண்டா எத்தினை ரீடிங் எண்ட அளவு. என் 255-அத் தாண்டாதுதானே எண்டு அதுக்கு ஒரு பைட்டுதான் குடுத்தன், இத ஞாபகம் வைங்க. சென்சர் தாற ரெண்டு பைட்ட நானே ஒட்டி அப்பிடியே இன்ட்டா (முழு எண்) வைக்கிறன், ஒரு டிகிரிக்கு 16. ஃப்ளோட்டா (புள்ளி வாற எண்) மாத்தி வைச்சா 60 ரீடிங்குக்கு 120 பைட் 240 ஆகும், ஊனோவில மொத்த ராமே 2 கேபி.

லேப்டொப்பில பொய் ரீடிங் குடுத்து ஓட்டிப் பாத்தன், தங்கமா ஓடிச்சு. ஊனோவில ஏத்தினன், இரவு முழுக்க 29, 30, காலையில 31. பெரிய கெட்டிக்காரன் எண்டு நினைச்சிட்டு வேலைக்குப் போயிட்டன்.

மத்தியானம் அம்மா கோல் எடுத்தா. "டேய், பைப்பத் திறந்தா கை வேகுது, உன்ட பெட்டி மைனஸ் 33 எண்டு காட்டுது, டேங்க்குக்குள்ள ஐஸா போட்டிருக்கா?" பின்னேரம் நான் வீட்ட வந்து பாக்கேக்க 33.8, நல்ல பிள்ளை மாதிரி. அடுத்த நாளும் அப்பிடித்தான், 34.1 வரைக்கும் ஒழுங்கா ஏறி டப்பெண்டு மைனஸ் 34-க்கு விழுந்து, பேந்து வெயில் ஏற ஏற மைனஸ் 33-ஐப் பாத்து ஏறுது. இந்த ஏறுறதுதான் என்னக் குழப்பினது, சென்சர் செத்திருந்தா இவ்வளவு ஒழுங்கா ஏறாதே.

அதையும் மீறி முதல்ல சென்சரிலதான் பழி போட்டன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில ஒரு கடையில வாங்கினது, ஒறிஜினல் எண்டு சத்தியம் பண்ணித்தான் தந்தார், மூண்டு வாங்கினதில ஒண்டு வந்த நாளிலயே 85-ஐ விட்டு அசையல்ல. (85 எண்டுறது கரண்ட் குடுத்த உடன அது வைச்சிருக்கிற நம்பர், அளந்தது இல்ல.) மாத்தித் தரச் சொன்னா பஸ் பார்சல் காசு நான்தான் கட்டோணுமாம். 4.7 கே ரெசிஸ்டர மாத்தினன், வயரக் கட்டையாக்கினன், நாலு நாள் அதிலயே போச்சு. எல்லாம் வீண்.

பிழை சராசரி எடுக்கிற ஃபங்ஷன்ல. அதுக்குள்ள கூட்டுத்தொகைய டி டைப்பிலயே வைச்சிருந்தன், டெம்ப்ளேட் எண்டா எல்லாம் டிதானே எண்டு ஒரு சோம்பேறித்தனம். லேப்டொப்பில இன்ட் 32 பிட், ஊனோவில 16 பிட், 32767-க்கு மேல கொள்ளாது, தாண்டினா சுத்தி மைனஸ் பக்கம் போயிடும். 60-ஆல பிரிச்சா 546, அத 16-ஆல பிரிச்சா 34.1 டிகிரி! தண்ணி 35-க்கு வந்தா 560 தர 60, 33600, அது சுத்தி மைனஸ் 31936 ஆகி 60-ஆலயும் 16-ஆலயும் பிரிபட்டு மைனஸ் 33.25 எண்டு வெளிய வருது. நுவரெலியாவில இருந்திருந்தா இந்தப் பிழை ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காது.

இன்னொரு கூத்து, என்-ஐ ஒரு பைட்டா இல்லாம அன்சைன்ட் இன்ட்டா (மைனஸே இல்லாத முழு எண்) குடுத்திருந்தா வகுக்கேக்க கூட்டுத்தொகையும் அன்சைன்ட்டா மாறி, அதே பிழையான கோட் சரியான விடையச் சொல்லியிருக்கும். ராம் மிச்சம் பிடிக்கப் போனதாலதான் மாட்டினன்.

சரி, லோங்கில (32 பிட் முழு எண்) கூட்டினா முடிஞ்சுது எண்டு நினைப்பீங்க. ஃப்ளோட் பஃபருக்கு லோங் போட்டா புள்ளிக்குப் பிறகு வாறது போயிடும். டைப்புக்கு ஏத்த மாதிரி கூட்டுற டைப் மாறோணும். ஊனோவின்ட ஏவிஆர் சிப்புக்கு கோட மாத்திக் குடுக்கிற கம்பைலரோட ஸ்டாண்டர்ட் லைப்ரரி வராது, அதால நானே ஒரு குட்டி ஸ்ட்ரக்ட் டெம்ப்ளேட் எழுதினன், பொதுவா டிக்கு டியே, இன்ட்டுக்கு மட்டும் ஸ்பெஷலைஸ் பண்ணி (தனியா எழுதி) லோங். எழுத அஞ்சு நிமிசம். அத ஃபங்ஷனுக்குள்ள பாவிக்கப் போய் ரெண்டு இரவு.

டைப்நேம் எண்ட ஒரு சொல்லு இல்லையாம். கம்பைலர் அதத் தெளிவாச் சொல்லியும் இருக்கு, நான்தான் கீழ வந்த மற்ற எரர்கள வாசிச்சுக்கொண்டு இருந்திருக்கன். டி என்னெண்டு தெரியமுதல் கம்பைலர் ஒருக்கா கோட வாசிக்குது, அப்ப ஸ்ட்ரக்ட்டுக்குப் பின்னால ரெட்டைப் புள்ளிக் குறி ரெண்டு போட்டு ஒரு பேர் வந்தா அது டைப்பா, இல்ல ஏதும் வேல்யூவா எண்டு அதுக்குத் தெரியாது. மாலை வந்திட்டு எண்டு ஒருத்தர் சொன்னா பொழுதா பூமாலையா எண்டு நாங்க முழிக்கிறமே, அதேதான். சொல்லாட்டி வேல்யூ எண்டே எடுத்துக்கொள்ளும். முன்னால டைப்நேம் போட்டாத்தான் இது டைப் எண்டு நம்பும். சி++ இன்ட 2020 ஸ்டாண்டர்ட்ல சில இடத்தில போடத் தேவையில்ல எண்டு விட்டிருக்காங்க, ஆனா என்ட மாதிரி ஃபங்ஷனுக்குள்ள வேரியபிள் அறிவிக்கிற இடத்தில அங்கயும் போடத்தான் வேணும், ஆசைப்படாதீங்க.

இடையில இன்னொண்டும் கண்டன். வெப்பநிலையும் தண்ணி மட்டமும் சேந்த ஒரு ஸ்ட்ரக்டுக்கும் இதே பஃபரப் போட்டிருந்தன், ஸ்ட்ரக்ட எப்பிடிக் கூட்டுறது, ஆனா கம்பைலர் மூச்சு விடல்ல. கூப்பிடாத ஃபங்ஷன அது டைப் போட்டு உருவாக்கிப் பாக்கிறதே இல்ல. தெரியாத்தனமா ஒருக்காக் கூப்பிட்டுப் பாத்தன், எரர் ஒரு முழத்துக்கு வந்திச்சு.

இண்டைக்கு மத்தியானம் 35.4. அம்மா பைப்புக்குக் கீழ விரல நீட்டிப் பாத்து, "ம், இப்ப உண்மை சொல்லுது" எண்டா.

அடுத்தது என்-ஐ 64 ஆக்கோணும், இந்தச் சிப்பில வகுக்கிற இன்ஸ்ட்ரக்ஷன் இல்ல, 64 எண்டா பஃபர் முடிஞ்சு திரும்ப முதலுக்குச் சுத்திவர வகுக்கத் தேவையில்ல, மேல் பிட்டுகள வெட்டுற மாஸ்க் ஒண்டு காணும். (முதல்லயே 64 போட்டிருந்தா 32 டிகிரியிலயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.) கன்னியா வெந்நீரூற்றில ஏழு கிணத்துக்கும் ஏழு சூடு எண்டு சின்ன வயசில இருந்து கேள்வி, ஒரே வயர்ல ஏழு சென்சர், ஏழு பஃபர், 64 ரீடிங்கெண்டா 896 பைட், ராம் தாங்கும். ஆனா தொல்லியல் இடம், கேக்காம ஒரு வயரும் தொங்கவிடேலாது. அதுக்கு முதல் மொட்டமாடி வயருக்கு ஒரு பைப் போடோணும், அணில் ஒண்டு ஏற்கனவே ருசி பாத்திட்டு.