எண்ணெய்த் தடைக்குப் பத்தாண்டு முன்பே தொடங்கிய போர்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதிய பசிபிக் போரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது, ஜப்பானுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறைய. 1941 ஜூலையிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். 1931 செப்டம்பரிலிருந்து பார்த்தால், வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டது யார் என்பது தெரியும்.

1931 செப்டம்பர் 18 இரவு. சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில், முக்டென் நகருக்கு வெளியே, ஜப்பானுக்குச் சொந்தமான ரயில் பாதையில் ஒரு குண்டு வெடித்தது. வைத்தவர்கள் அந்தப் பாதையைக் காக்க வேண்டிய ஜப்பானின் குவாண்டுங் படையின் ஆட்களே. திட்டம் இஷிவாரா கான்ஜி, இத்தாகாகி செய்ஷிரோ என்ற இரு அதிகாரிகளுடையது. தண்டவாளத்தில் சேதம் ஒரு மீட்டர்கூட இல்லை. சற்று நேரத்தில் ஒரு ரயில் அதே இடத்தைத் தாண்டிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் பழியைச் சீனர்கள் மேல் போட்டு, விடிவதற்குள் முக்டெனைப் பிடித்துவிட்டார்கள்.

எனக்கு அந்தக் குண்டைவிட முக்கியமாகப் படுவது மூன்று நாள் கழித்து நடந்தது. அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவில், அங்கிருந்த ஜப்பானியப் படையின் தளபதி ஹயாஷி செஞ்சூரோ, பேரரசரின் ஆணை இல்லாமலே துருப்புகளை எல்லை தாண்டி மஞ்சூரியாவுக்கு அனுப்பினார். இராணுவச் சட்டப்படி அது மன்னிக்க முடியாத குற்றம். பிரதமர் வகாட்சுகியின் அமைச்சரவை என்ன செய்தது? போன படை போய்விட்டது என்று சொல்லி, அதற்கான செலவுக்குப் பணம் ஒதுக்கியது. ஹயாஷி பின்னாளில் பிரதமராகவே ஆனார். ஆணையை மீறி நிலம் பிடித்தால் தண்டனை இல்லை, பதவி உயர்வுதான் என்ற பாடத்தை இளம் அதிகாரிகள் அத்தனை பேரும் படித்துக்கொண்டார்கள். அடுத்த மே மாதம் கடற்படை இளம் அதிகாரிகள் பிரதமர் இனுகாயைச் சுட்டுக் கொன்றபோதும், வழக்கில் ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை.

வெளியுலகமும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 1933 பிப்ரவரி 24-ல் சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) 42 நாடுகள் மஞ்சூரிய ஆக்கிரமிப்பைக் கண்டித்து வாக்களித்தன. எதிர்த்தது ஜப்பான் ஒன்றே. ஜப்பானியத் தூதுக்குழு எழுந்து வெளியேறியது. பொருளாதாரத் தடை என்று ஒன்றும் பின்தொடரவில்லை.

பிடித்த நிலத்துக்குக் காவல் வேண்டும். மஞ்சூரியாவைக் காக்க அதன் தெற்கே ரெஹே மாகாணம் தேவைப்பட்டது. ரெஹேயைக் காக்க வட சீனாவில் படையில்லாப் பகுதி தேவைப்பட்டது. பிறகு உள் மங்கோலியா. எல்லை தள்ளிப்போகப் போக எதிரியும் பெரிதானான்; காவலுக்கு ஆகும் செலவு, நிலத்திலிருந்து வரும் வரவை விழுங்கியது. 1936-ல் உள் மங்கோலியச் சாகசத்தை நிறுத்தச் சொல்லி டோக்கியோவிலிருந்து வந்தவர் வேறு யாருமல்ல, அதே இஷிவாராதான். "மஞ்சூரியாவில் நீங்கள் செய்ததைத்தானே நாங்களும் செய்கிறோம்" என்ற பொருளில் குவாண்டுங் படை அதிகாரி முத்தோ அகிரா அவர் முகத்துக்கு நேரே பதில் சொன்னார்.

1937 ஜூலை 7-ல் பெய்ஜிங் அருகே மார்கோ போலோ பாலத்தில் நடந்த மோதல் முழுப் போராக மாறியது. ஷாங்காயில் மட்டும் ஜப்பானியத் தரப்பில் மாண்டவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 40,000 பேர். டிசம்பர் 13-ல் சீனத் தலைநகர் நான்ஜிங் விழுந்தது. அங்கே நடந்த படுகொலையை உலகம் இன்றும் மறக்கவில்லை.

கடைசியாகத் திரும்பியிருக்கக்கூடிய இடம் இங்கேதான் இருந்தது என்பது என் கணிப்பு. ஜெர்மானியத் தூதர் டிராவுட்மன் சமரசம் பேசிக்கொண்டிருந்தார். நான்ஜிங் விழுந்ததும் ஜப்பான் நிபந்தனைகளைக் கடுமையாக்கியது, நஷ்ட ஈடும் கேட்டது. 1938 ஜனவரியில், பேச்சைத் தொடர வேண்டும் என்று வாதாடியது இராணுவத் தலைமையகம். பேச்சை முறித்தது பிரதமர் கொனோயேயின் அரசு. இராணுவம் மட்டுமே வெறிபிடித்து ஓடியது என்ற எளிய சித்திரம் இங்கே உடைகிறது. ஜனவரி 16-ல், சீனாவின் சியாங் கை ஷேக் அரசோடு இனிப் பேச்சே இல்லை என்று கொனோயே அறிவித்தார். வெல்லவும் முடியாத, பேசவும் முடியாத ஒரு போரில் நாடு மாட்டிக்கொண்டது. புலிவாலைப் பிடித்த கதைதான்.

இனி எண்ணெய்க் கணக்கு. ஜப்பானின் உள்நாட்டு உற்பத்தி தேவையில் பத்தில் ஒரு பங்கு அளவே. இறக்குமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. யாரையும் சாராத தற்சார்பு வேண்டும் என்றுதான் விரிவாக்கத்தைத் தொடங்கினார்கள். அந்த விரிவாக்கப் போரை நடத்தவே அமெரிக்க எண்ணெயும் அமெரிக்கப் பழைய இரும்பும் வேண்டியிருந்தன. 1940 செப்டம்பரில் பிரெஞ்சு இந்தோசீனாவின் வடபகுதிக்குள் நுழைந்தார்கள். பழைய இரும்பு நின்றது. 1941 ஜூலையில் தென்பகுதிக்குள் நுழைந்தார்கள். அமெரிக்கா சொத்துகளை முடக்கியது, எண்ணெயும் நின்றது. டச்சுக் கிழக்கிந்தியாவும் உடன் சேர்ந்தது.

கையிருப்பு இரண்டு ஆண்டுக்கு வரும், போர் மூண்டால் ஒன்றரை ஆண்டுக்குத்தான் என்று கடற்படைத் தலைமைத் தளபதி நகானோ பேரரசரிடம் சொன்னார். செப்டம்பர் 5-ல் இராணுவத் தலைமைத் தளபதி சுகியாமா, தெற்கே தென்கிழக்காசியாவில் போரை மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்றார். கொனோயேயின் குறிப்பின்படி, சீனப் போர் ஒரே மாதத்தில் முடியும் என்று 1937-ல் சொன்னவரும் நீங்கள்தானே என்று பேரரசர் மடக்கினார். சீனாவின் உட்பகுதி பரந்தது என்று சுகியாமா சமாளிக்க, பசிபிக் அதைவிடப் பரந்ததல்லவா என்று பேரரசர் திரும்பக் கேட்டார். மறுநாள் பேரரசர் முன் நடந்த கூட்டம், அமெரிக்காவுடனான பேச்சுவார்த்தைக்கு அக்டோபர் தொடக்கத்தைக் கெடுவாக வைத்தது. அந்தக் கெடு நெருங்க நெருங்க, பேச்சுவார்த்தை ஒரு சடங்காகத் தேய்ந்தது.

அமெரிக்கா கேட்டதில் கடினமானது சீனாவிலிருந்து படை விலகுவது. இராணுவ அமைச்சர் தோஜோ அக்டோபர் 14-ல் ஒரேயடியாக மறுத்தார். விலகினால் சீனாவில் செத்தவர்களின் தியாகம் வீணாகும், மஞ்சூரியாவும் கொரியாவும்கூட ஆடிப்போகும் என்பது அவர் வாதம். இறந்தவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, பின்வாங்குவதற்கான விலையும் கூடியது. கொனோயே விலகினார், தோஜோ பிரதமரானார். அந்தக் கோடையிலேயே அரசின் சொந்த ஆய்வுக் கழகமான மொத்தப் போர் ஆய்வுக் கழகம், போரை ஒத்திகை போட்டுப் பார்த்து, தோல்வி நிச்சயம் என்று அமைச்சரவைக்கே அறிக்கை கொடுத்திருந்தது.

பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் எண்ணெய் வயல்கள் கைக்கு வந்தன. 1942 பிப்ரவரியில் சுமத்ராவின் பலெம்பாங்கில் பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். ஆனால் நிலத்தைப் பிடிப்பது வேறு, எண்ணெயை வீடு கொண்டு சேர்ப்பது வேறு. மே மாதம், அந்த வயல்களை இயக்கப் போன எண்ணெய்த் தொழில்நுட்ப ஆட்களை ஏற்றிச் சென்ற தையோ மாரு கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. சுமத்ராவிலிருந்து ஜப்பானுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல்வழி. அதில் போகும் வணிகக் கப்பல்களின் காவலுக்கென்று ஒரு தனித் தலைமையகத்தைக் கடற்படை அமைத்ததே 1943 நவம்பரில்தான். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. 1944-ல் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களைக் குறிவைத்து வேட்டையாடின. 1945 தொடக்கத்தில், எதற்காக இந்தப் போரைத் தொடங்கினார்களோ அந்தத் தென்திசை எண்ணெயின் வரத்து அறவே நின்றுபோனது.