60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரும் ஈர வேட்டியும்

தகவல்தொடர்புக்கும் உணர்தலுக்கும் (பொருளைத் தொடாமலே அளந்தறிவதற்கும்) உதவும் டெராஹெர்ட்ஸ் அலைகளில், அதாவது 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் (100 முதல் 10,000 கிகாஹெர்ட்ஸ்) வரையிலான பகுதியில் இயங்கும் கருவிகளின் விலை பொழுதுபோக்காளருக்குக் கட்டுப்படியாகாது என்பதால், அதற்குச் சற்றுக் கீழே 60 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறிய ரேடார் மாட்யூல் ஒன்றை வாங்கி, பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சோதித்து வருகிறேன். கேபிள் முதலிய உதிரிகள் இங்குள்ள மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டிலேயே கிடைத்தன.

ரேடாருக்கு எதிரே இரண்டு மீட்டர் தள்ளி ஓர் எவர்சில்வர் தட்டை நிறுத்தி, இடையே நான்காக மடித்த பருத்தி வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டேன். உலர்ந்த வேட்டியால் தட்டின் எதிரொலி அதிகம் மாறவில்லை. அதையே நனைத்துப் பிழிந்து தொங்கவிட்டதும் எதிரொலி பத்து டெசிபலுக்கும் மேல் சரிந்தது. அதாவது திரும்பி வரும் திறன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தது. கூடவே, வேட்டி தொங்கும் தூரத்தில் புதிய முகடு ஒன்றும் எழுந்தது. மாட்யூல் 4 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலைவெண்ணை மாற்றிக்கொண்டே அனுப்புவதால் அதன் தூரப் பிரிதிறன் (இரு பொருள்களைப் பிரித்தறியத் தேவையான குறைந்தபட்ச இடைவெளி) சுமார் 3.75 சென்டிமீட்டர், துணியையும் தட்டையும் தனித்தனியே காண்பதற்கு அது தாராளம்.

வேட்டியை அவ்வப்போது சமையலறைத் தராசில் எடைபோட்டு, எதிரொலியோடு ஒரே வரைபடத்தில் குறித்துவந்தேன். நீர் குறையக் குறைய டெசிபல் இழப்பும் ஏறக்குறைய சீராகக் குறைந்து, துணி காயும் தறுவாயில் மந்தமானது. “துணி காயுதான்னு பாக்கக் கம்ப்யூட்டரா தம்பி?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அந்தக் கேள்வியிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது: தகவல்தொடர்புக்கு இழப்பாக நிற்கும் அதே நீர், உணர்தலுக்கு அளவுகோலாகிறது.

அலைவெண் உயரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. காற்றிலுள்ள நீராவி 183, 325, 557 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் அலையை வலுவாக விழுங்குவதால், தரைவழி இணைப்புகளை அவற்றுக்கு இடைப்பட்ட, இழப்பு குறைந்த சாளரங்களில்தான் அமைக்க வேண்டும். ஆனால் 2009இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி, அந்த 557 கிகாஹெர்ட்ஸ் கோட்டைக் கொண்டே விண்வெளியில் நீரை ஆராய்ந்தது. என் மாட்யூலின் 60 கிகாஹெர்ட்ஸுக்கும் இப்படியொரு கதை உண்டு. கடல்மட்டத்தில் ஆக்சிஜன் இதைக் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் விழுங்குகிறது. அதனால் தரையிலிருந்து ஒட்டுக்கேட்க இயலாது என்பதாலேயே, அமெரிக்க ராணுவத்தின் மில்ஸ்டார் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் தமக்குள் பேசிக்கொள்ள இந்த அலைவரிசையைப் பயன்படுத்தின.

விண்வெளியில் காற்று இல்லை. அங்கே தொல்லை குறிவைப்பதில் வருகிறது. 300 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் ஆன்டெனாவின் கற்றை கால் பாகையைவிடச் சற்றுக் குறுகலாக இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் அது நான்கு கிலோமீட்டர் அகலம்தான் விரியும். எதிர்ச் செயற்கைக்கோள் அதற்குள் நிற்க வேண்டும்.

இந்தத் தொல்லையின் சிறு வடிவம் மாடியிலேயே உண்டு. காற்றில் தட்டு சிறிது சாய்ந்தாலும் எதிரொலி விழுந்துவிடுவதால், வரைபடத்தில் துணி நனைந்ததுபோன்ற பள்ளங்கள் தோன்றுகின்றன. ஆகவே தட்டுக்குப் பதிலாக, மூன்று தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இணைத்து, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அலையை வந்த வழியே திருப்பும் மூலைப் பிரதிபலிப்பான் ஒன்றைச் செய்யத் தகரம் வெட்டக் கொடுத்திருக்கிறேன்.