எல்டிஎல் குறைய அரிசித் தவிடு உண்ட அனுபவம்

இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 158 (மி.கி./டெ.லி.) என்று வந்தபோது, இதய நோய்க்கான வேறு காரணிகள் எனக்கு இல்லாததால், மாத்திரைக்கு முன் சில மாதங்கள் உணவை மாற்றிப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அவர் ஒப்புதலுடன் நான் தேர்ந்தெடுத்தது அரிசித் தவிடு.

எந்தத் தவிடு என்பதில்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. உமி நீக்கிய அரிசியைத் தீட்டும்போது கழியும் இந்தப் பழுப்பு அடுக்கில் 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய் இருக்கிறது. தீட்டியவுடனேயே லைபேஸ் நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குவதால், சூட்டினால் பதப்படுத்தாத தவிடு விரைவில் காறிப்போகும். எனவே பதப்படுத்தி, உணவுக்கென்றே விற்கப்படும் தவிட்டையே வாங்கினேன்.

எண்ணெய் நீக்கிய தவிட்டை முற்றிலும் தவிர்த்தேன். ஓட்ஸ், பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்தால் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. அரிசித் தவிட்டின் நார்ச்சத்தோ பெரும்பாலும் கரையாதது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் எண்ணெய் நீக்கிய தவிடு பயன் தரவில்லை. தவிட்டு எண்ணெய் சேர்த்த உணவோ எல்டிஎல்லை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைத்தது. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் தாவர ஸ்டெரால்களும், பெரிதும் பேசப்படும் காமா ஒரைசனாலும் அந்த எண்ணெயோடு சேர்ந்தவையே. 1998-இல் வெளியான மற்றோர் ஆய்வில், எண்ணெய் நீக்காத தவிட்டை நாளொன்றுக்கு 84 கிராம் என ஆறு வாரம் உண்டவர்களுக்கு எல்டிஎல் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்தது. அவ்வளவு தவிட்டை அன்றாடம் உண்பது எனக்கு இயலாத செயல். அதனால் அத்தகைய இறக்கத்தை நான் எதிர்பார்க்கவுமில்லை.

ஒரு தேக்கரண்டியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினேன். முதலில் வயிறு உப்பியது. தண்ணீர் கூடுதலாகக் குடித்த பின் அது அடங்கியது. விளைவு தவிட்டினுடையதா என்று அறிய வேண்டும் என்பதற்காக மற்ற உணவையும் நடைப்பயிற்சியையும் மாற்றாமல் வைத்திருந்தேன். அடுத்த பரிசோதனையில் எல்டிஎல் 146 ஆனது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நாளுக்கு நாள் இந்த அளவுகள் இயல்பாகவே சற்று மாறுபடும் என்பதால் மீண்டும் சோதித்தேன். அப்போதும் அதே அளவை ஒட்டியே வந்தது.

அரிசியில் உள்ள ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் தவிட்டில் செறிந்திருக்கும் என்பதால், பலன் கண்ட பிறகும் அளவை இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் உயர்த்தவில்லை. பாஸ்பரஸ் மிகுந்த உணவு என்பதால் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. என் எல்டிஎல் இன்னும் விரும்பத்தக்க அளவுக்கு மேல்தான் இருக்கிறது. மாத்திரை குறித்து அடுத்த பரிசோதனைக்குப் பின் முடிவெடுப்பதாக மருத்துவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.