பாசாங்

"ஆபீஸ்லேர்ந்து ஆள் வராங்க தம்பி, பெல்ட்டைப் பாசாங் பண்ணிக்கோ."

கட்டட சைட்டில் சேஃப்டி சூப்பர்வைசராக நான் சொன்னது இவ்வளவுதான். இதை எத்தனை முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழன் யாருக்கும் இதில் குழப்பம் வராது. பாசாங் என்றால் மலாயில் மாட்டு, பொருத்து. லைட் பாசாங் பண்ணுவோம், டயர் பாசாங் பண்ணுவோம், கர்ட்டன்கூடப் பாசாங் பண்ணுவோம். புதுக்கோட்டையிலிருந்து வந்து ஆறு வாரமே ஆன பையன் காதில் அது பாசாங்கு என்று விழுந்திருக்கிறது.

சொன்னபடியே செய்தான். பெல்ட்டைத் தோளிலும் தொடையிலும் ஒழுங்காகக் கட்டி, வெளியே மாட்ட வேண்டிய இரண்டு கொக்கிகளையும் தன் இடுப்பு வளையத்திலேயே செருகிக்கொண்டான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரி. பத்து மணி வாக்கில் சாரத்தில் கால் வழுக்கி ஒரு தட்டு கீழே விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. அதோடு போனது அவன் அதிர்ஷ்டம் என்றார்கள். என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில், "நீங்கதானண்ணே பாசாங்கு பண்ணிக்கச் சொன்னீங்க" என்றான். புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

எங்கள் சைட்டில் வங்காளதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள் எல்லாரும் உண்டு. காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் மலாயில் சொல்லி, கொக்கியைத் தூக்கிக் காட்டி, ஒருவனை மாட்டிக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் மேலே அனுப்புவேன். அவர்களில் யாரும் என் பேச்சைத் தப்பாகப் புரிந்துகொண்டு விழுந்ததில்லை. நம்ம பையன்தானே என்று இவனுக்கு மட்டும் வாயால் சொன்னதோடு விட்டேன்.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் 'பாபேல்' ஓடிக்கொண்டிருந்தது, 2006-இல் வந்த இன்யாரிட்டு படம். மொராக்கோ, மெக்சிகோ, ஜப்பான் என்று கதை சுற்றுகிறது. வேதாகமத்தில் வருகிற பாபேல் கோபுரம் எப்போது வரும் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. பின்னே எதற்கு இந்தப் பெயர் என்று மனைவியிடம் கேட்டேன். அவள் வேதாகமத்தில் ஆதியாகமம் 11-ஆம் அதிகாரத்தை விரித்துக் கையில் கொடுத்தாள்.

"நாம் செங்கல் அறுத்து, அதை நன்றாய்ச் சுடுவோம் வாருங்கள்" என்று கோபுரம் கட்டப்போகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கல்லுக்குப் பதில் செங்கல், சாந்துக்குப் பதில் நிலக்கீல். எந்தச் சாமானுக்குப் பதில் எந்தச் சாமான் என்று முதலிலேயே எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் கர்த்தர் இறங்கி வந்து பாஷையைத் தாறுமாறாக்க, வேலை நின்றுபோகிறது. யாராவது விழுந்தார்களா என்று அதில் இல்லை.

பெயரைப் பற்றித் தேடிப் படித்தேன். பாபிலோன்காரர்களுக்கு அந்த ஊர்ப்பெயர் 'பாப்-இலி', தெய்வத்தின் வாசல். ஆதியாகமத்தை எழுதியவர் அதை 'பாலால்' என்ற எபிரேயச் சொல்லோடு சேர்த்துவிடுகிறார். கலந்து குழப்பு என்று அர்த்தம். ஊர்க்காரனுக்கு வாசல், பக்கத்து மொழிக்காரன் காதில் குழப்பம். படித்ததும் மனசு லேசானது. வேதத்திலேயே இப்படி நடந்திருக்கிறது, நான் எம்மாத்திரம்!

ஆனால் படம் அந்த நிம்மதியைக் கொடுக்கவில்லை. குண்டடிபட்டுக் கிடக்கும் அமெரிக்கப் பெண்ணை அவள் மொழி தெரியாத மொராக்கோ கிழவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றுகிறாள். டோக்கியோவில் காது கேளாத மகளும் அவள் அப்பாவும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், இருவருக்கும் சைகை மொழி தெரியும், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

சரி, அவன் காதில் பாசாங்கு என்றே விழுந்திருக்கட்டும். ஒரு சேஃப்டி சூப்பர்வைசர் அப்படிச் சொல்வாரா என்று அவனுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? திருப்பிக் கேட்டிருக்கலாமே. இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்வேன். உடனே அந்த ஆறு வாரத்தில் அவன் பார்த்ததெல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஆபீஸ் ஆள் வருகிற நாளில் மட்டும் கூட்டுவோம், புது ஹெல்மெட் கொடுப்போம், வலை கட்டுவோம்.

அறிக்கையை மலாயில் எழுதினேன். கொக்கியைப் பாசாங் பண்ணச் சொல்லியும் தொழிலாளி பின்பற்றவில்லை என்று. அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

ஊருக்குப் போகிற அன்று சொல்லிக்கொள்ள வந்தான். இடது கை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. பாசாங் என்றால் என்னவென்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும்ண்ணே. மாட்டத்தான் சொன்னீங்கன்னே வெச்சுக்குவோம். அந்த எடத்துல எதுல மாட்டியிருக்கணும்?"

வேன் வந்துவிட்டது, பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

அறிக்கையோடு வைத்த போட்டோவில் கொக்கியை மாட்டுகிற லைஃப்லைன் கம்பி தெளிவாகத் தெரிகிறது. அது அன்று மாலை நாலு மணிக்கு எடுத்த போட்டோ.