ஆறாவது கோப்பை

சின்னவனுக்கு ஏழு வயசு, டவுன் சின்ட்ரோம்; பிறவியிலேயே வருவது, எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வான். ஒன்றிலிருந்து இருபது வரை பாட்டு மாதிரி ஒப்பிப்பான். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்கள் கைதட்டுவார்கள்; எனக்கும் பெருமைதான். ஒருநாள், "மூணு ரொட்டி எடுத்துட்டு வாடா" என்றேன். தட்டோடு அத்தனையையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

எண்ணச் சொன்னால், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பான். "மொத்தம் எத்தனை?" என்றால் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். 1978இலேயே கெல்மன், கலிஸ்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்: ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது ஒரு படி, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னொரு படி. என் மகன் ஏற முடியாமல் நின்றது அந்த இரண்டாவது படியில்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது மனதில் தங்கும். அதனால் அட்டையில் கரியால் ஐந்து வட்டம் போட்டேன். வட்டத்துக்கு ஒரு பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) கோப்பை. அப்பாவுக்கு, அப்பாயிக்கு, அக்காவுக்கு... கடைசிக் கோப்பையை வைத்ததும் நானே "அஞ்சு!" என்று அழுத்திச் சொல்வேன். தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்த களைப்பில் சில நாள் விட்டும்விடுவேன், பொய் சொல்லக் கூடாது.

மாமியார்தான் பெரிய சோதனை. "பாவம், அவனுக்கு எதுக்கு கணக்கு?" என்று எல்லாக் கோப்பையையும் அவரே எடுத்து வைத்துவிடுவார்.

போன ஞாயிறு என் தம்பி வந்திருந்தான். சின்னவன் ஐந்து கோப்பை வைத்தான். மாமாவைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்து, வட்டமில்லாத இடத்தில் வைத்தான்.

"ஆறு" என்றார் மாமியார், அவனுக்கு முந்தி.