பாலையா கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகள்: ஒன்பது வாரக் குறிப்பு

டி.எஸ். பாலையா நடித்த படங்களை ஆண்டு வரிசையில் பார்த்து, படத்துக்கு ஒரு பக்கமாகக் குறிப்பு எழுதிவைப்பது என்று ஒன்பது வாரங்களுக்கு முன் தொடங்கினேன். திருநெல்வேலிச் சீமையின் சுண்டங்கோட்டையில் 1914இல் பிறந்து, நாடக மேடையில் தேர்ந்து, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் 1936இல் திரைக்கு வந்தவர் அவர். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். 1972இல் மறையும் வரை வில்லன், நண்பன், அண்ணன், அப்பா, வித்துவான் என்று வேடங்கள் மாறிக்கொண்டே போன அந்த முப்பத்தாறு ஆண்டுகளிலும் மாறாமல் இருந்தது எது என்று கண்டறிவதே என் நோக்கமாக இருந்தது.

முதலில் பார்த்தது 1937இல் வந்த ‘அம்பிகாபதி’. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். பாலையா தளபதி ருத்ரசேனன். எனக்குக் கிடைத்த பிரதியில் முகங்கள் வெளிறிப்போயிருந்ததால், கண்ணையும் புருவத்தையும் கவனிக்க வேண்டும் என்று போட்டிருந்த திட்டம் முதல் நாளே உதவாமற்போயிற்று. எனவே திரையை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டேன். சொல்லின் கடைசி அசையை இழுத்து, அதன் மேல் ஏளனத்தை ஏற்றிவைக்கும் அந்தப் பேச்சு முறை, இருபத்து மூன்று வயதிலேயே அவரிடம் முழுதாக அமைந்திருந்தது. பின்னாளில் நாம் சிரித்து மகிழ்ந்த குரல், இங்கே அச்சுறுத்துவதற்குப் பயன்பட்டிருக்கிறது.

‘வேலைக்காரி’யை (1949) இரண்டு முறை பார்த்தேன். அண்ணாவின் கதையில் கே.ஆர். ராமசாமியின் ஆனந்தன் ஆத்திரத்தால் நிலைகுலையும்போது, ஆத்திரத்தைத் திட்டமாக மாற்றச் சொல்லும் நண்பன் மணியாக பாலையா வருகிறார். வாதம் செய்யும் பாத்திரம் என்பதால் வசனத்தையே குறித்துக்கொண்டு போனேன். அது தவறு என்பது ஆறாவது வாரத்தில்தான் தெரிந்தது.

‘தூக்குத் தூக்கி’யின் (1954) சேட்டு வேடத்தையும் ‘மதுரை வீர’னின் (1956) நரசப்பனையும் அடுத்தடுத்துப் பார்த்ததில், ‘நம்பள், நிம்பள்’ என்று கொச்சைத் தமிழ் பேசிக் குழைகிறவரும் பொறாமையால் ஓர் உயிருக்கு உலைவைக்கிறவரும் ஒரே மனிதர்தான் என்பதை நம்புவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. அந்த வாரக் குறிப்பில் ‘கண்ணை உருட்டுகிறார், புருவத்தை உயர்த்துகிறார்’ என்று எழுதியிருந்தேன். பொருளில்லாத வரி. எந்த நடிகரைப் பற்றியும் அப்படி எழுதிவிடலாம் என்பதால் பிறகு அதை அடித்துவிட்டேன்.

பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’யில் (1959) எஸ்.வி. சுப்பையாவுக்கு அண்ணனாக, மனைவியின் சொல்லை மீற முடியாத வைத்திலிங்கமாக அவர் நடித்ததைப் பார்த்தபோதுதான் வழி பிடிபட்டது. தம்பி மேல் பாசம் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லத் துணிவு இல்லை. மனைவி பேசும்போது அவர் முகத்தில், முதலில் மறுப்பு, அடுத்துத் தயக்கம், அதன்பின் உடன்பட்டுவிட்ட சோர்வு என்று மூன்றும் வரிசையாக வந்துபோகின்றன. அவருக்கு அந்த இடத்தில் வசனமே தேவைப்படவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் பாலையா பேசும் காட்சியை விட்டுவிட்டு, பிறர் பேச அவர் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளை மட்டும் ஒலியை அடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பது என்று முறையை மாற்றிக்கொண்டேன்.

இந்த முறைக்கு உரைகல் என்று ‘காதலிக்க நேரமில்லை’யை (1964) சொல்வேன். நாகேஷின் செல்லப்பா பேய்க்கதை சொல்லும் காட்சியை நாம் எல்லோரும் நாகேஷின் காட்சியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஒலியில்லாமல் பார்த்தால் அது பாலையாவின் காட்சி. மகன் ஏதோ உளறப்போகிறான் என்ற அலட்சியத்தோடு உட்கார்கிறார், ஆர்வம் வருகிறது, ஆர்வம் அச்சமாகிறது, வீட்டின் தலைவர், எஸ்டேட் முதலாளி விசுவநாதன் என்ற கோலமெல்லாம் கரைந்து, இருட்டுக்குப் பயந்த குழந்தை ஒன்று நாற்காலியில் ஒடுங்கியிருக்கிறது. நாகேஷ் வாயால் எழுப்பும் ஒலிகள் எந்தெந்த இடத்தில் வருகின்றன என்பதை, ஒலி இல்லாமலேயே, கேட்பவரின் முகத்தைக் கொண்டு குறித்துவிட முடிந்தது. பிறகு ஒலியோடு பார்த்துச் சரிபார்த்தேன்; பெரும்பாலும் பொருந்தியிருந்தது. கேட்பவர் அப்படி நம்பியிராவிட்டால், சொல்பவரின் நகைச்சுவைக்கு நிற்க இடமே இருந்திராது. அதே படத்தில் பணக்காரத் தந்தையாக வேடமிட்டு வரும் முத்துராமன் முன் அவர் காட்டும் பணிவும் இத்தகைய கேட்டல்தான்.

‘திருவிளையாடல்’ (1965) எனக்கு மிகவும் பிடித்த பக்கமாக அமைந்தது. ஹேமநாத பாகவதர் பாண்டியன் அவையில் பாடும் ‘ஒரு நாள் போதுமா’ பாலமுரளிகிருஷ்ணாவின் குரல், கே.வி. மகாதேவனின் இசை. ராகம் மாறும்போதெல்லாம் கழுத்தும் தோளும் கையும் குரலோடு சேர்ந்தே திரும்புவதால், பாடுவது வேறொருவர் என்பது மறந்தே போகிறது. ஆனால் நான் பலமுறை ஓட்டிப் பார்த்தது அந்தக் கர்வத்தை அல்ல. இரவில் விறகு விற்பவரின் பாட்டைக் கேட்டு அது உடையும் இடத்தை. நல்ல இசையை அறிந்த ஒருவனால்தான் தன் தோல்வியை அவ்வளவு விரைவாக அறிய முடியும். அந்த அறிவு முகத்தில் முதலில் வியப்பாகவும், அது அடங்குவதற்குள் கிலியாகவும் தெரிகிறது. வில்லனாக இருந்த காலத்துத் தலைநிமிர்வும் நகைச்சுவைக் காலத்து நடுக்கமும் ஒரே பாத்திரத்துக்குள் சேர்ந்திருப்பதால், அவருடைய இரு காலங்களும் சந்திக்கும் இடம் இதுவே என்று குறிப்பில் எழுதினேன்.

‘பாமா விஜயம்’ (1967) படத்தில் மூன்று பிள்ளைகளின் தகப்பனாக வருவதைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதினேன். அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

ஒன்பதாம் வாரத்தில் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). சிவாஜியின் சண்முகசுந்தரத்துக்குத் துணையாகத் தவில் வாசிக்கும் முத்துராக்கு. ‘நலந்தானா’ பாட்டில் கேள்வி பத்மினியினுடையது, அது சிவாஜிக்கானது. ஆனால் இருவருக்கும் நடுவில் நடப்பதைப் புரிந்துகொண்டவராக, தாளத்தை விடாமல், நெகிழ்ச்சியைக் காட்டிக்கொண்டிருப்பவர் பாலையா. தவில்காரருக்குக் கேட்பதே பாதி வேலை. அந்த வேடத்துக்கு அவரை விடப் பொருத்தமானவர் யாரும் எனக்குத் தோன்றவில்லை.

குறிப்பேட்டில் ‘வேலைக்காரி’யின் பக்கம் இப்போது குறையோடு நிற்கிறது. மணி பேசியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனந்தனின் புலம்பலை அவன் எப்படிக் கேட்டான் என்பது இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை ஒலியை அடைத்துவிட்டு முதலிலிருந்து பார்க்கப்போகிறேன்.