சாய்ந்த மெழுகுதிரி

மத்திய வீதிக் கடையொன்றில் இன்றைக்கு மத்தியானம் ஒரு மெழுகுதிரிக் கட்டு. வெயில் பட்ட பக்கம் மட்டும் வளைந்து சாய்ந்து கிடந்தது.

லண்டனில் பிரபலங்களின் மெழுகு உருவங்களை வைத்திருக்கிற மேடம் துசோ காட்சியகத்திலும் சூடுதான் எதிரி. 1925 தீயில் நிறைய உருவங்கள் அழிந்தன. அச்சுகள் தப்பியதால்தான் திரும்ப வார்க்க முடிந்தது.

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிற நம்மட ஆக்கள் அங்க உருவத்தின் தோளில் கை போட்டு ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு, வேலைப்பாட்டைப் பார்க்காமலே வந்துவிடுகினம். மனசு கேட்குதில்லை.

கண்ணைக் கிட்டப் போய்ப் பாருங்க. வெள்ளை விழியில் ஓடுற சிவப்பு நரம்பு, பட்டு நூல்!

தலைமயிர் ஒவ்வொன்றாக ஊசியால் குத்தினது. ஒரு தலைக்கே வாரக்கணக்கு. காதோரத்தில் மயிர் எந்தப் பக்கம் சாயுதென்று பாருங்க, அங்கதான் கைவேலை தெரியும்.

முதல் களிமண்ணில் தலை. அதுக்கு மேல் சாந்து அச்சு. பிறகு உருக்கின மெழுகு. ஆறும்போது மெழுகு சுருங்கும். அதனால் களிமண் தலையை 2 சதவீதம் அளவில் பெரிதாகவே பிடிப்பினம். இதை விட்டால் முகம் சின்னதாகிப்போகும், உடம்போடு பொருந்தாது. உடம்பு மெழுகில்லை, பைபர் கிளாஸ்.

ரிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்க. காலையில் முதல் நேரம் நல்லது, மத்தியானம் சனம் நெரியும். பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்.

படம் எடுக்கும்போது பிளாஷை நிறுத்திவிடுங்க. வெளிச்சம் நேரே பட்டால் தோல் மினுங்கி, எண்ணெய் பூசின பொம்மை மாதிரி விழும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுங்க, கன்னத்து நிழல் விழட்டும்.